முழு வாக்கியத்தில் பதில் சொன்னேன்

மலேசியாவில், பாசிர் கூடாங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கணவரின் ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாது. சிங்கப்பூரில் வேலை கிடைத்தால்தான் தப்பிக்கலாம். பக்கத்து ஊரான மாசாயில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லாரும் ஒரே பாட்டு: "அங்க நல்ல இங்கிலீஷ் பேசணும்க்கா. நம்ம இங்கிலீஷ் செல்லாது." நானும் நம்பித் தொலைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜொகூர் பாருவில் ஆங்கில வகுப்புக்குப் போனேன்.

என்ன மொழி சாமி அது! கத்திக்கு 'நைஃப்' என்று எழுத முன்னால் ஒரு கே. அது வாயே திறக்காது. காலையில் தலையைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போகும் ஆபீஸ் ஆள் மாதிரி. மலாய்க்காரர்கள் பஸ், டாக்ஸி என்ற சொற்களை எல்லாம் கடன் வாங்கி, வாய் சொல்கிறபடியே எழுதிக்கொண்டார்கள். சொந்தக்காரனுக்குத்தான் அந்தப் புத்தி வரவில்லை. மரபுத்தொடர்கள் அதைவிட மோசம். உடம்பு சரியில்லாதவன் வானிலைக்குக் கீழே இருக்கிறானாம். மற்றவர்கள் எல்லாம் அதற்கு மேலேயா குடியிருக்கிறார்கள்? சுலபமான வேலை என்றால் கேக் துண்டாம். அதைச் சொன்னவன் ஒரு நாளும் கேக் சுட்டிருக்க மாட்டான்.

வீட்டில் சமைத்துக்கொண்டே ஆங்கில வாக்கியங்களைச் சொல்லிப் பார்ப்பேன். "வெள்ளைக்காரம்மா, சோறு கிடைக்குமா?" என்பார் கணவர். சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

சிங்கப்பூரில் ஒரு மருந்துக்கடையில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கவுண்டர் வேலை. என்னையும் இன்னொரு பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஞாயிறு வேலைக்கு வர முடியுமா என்று முதலாளியம்மா தன் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"சண்டே வொர்க், கேன்?"

"கேன், கேன்," என்றாள் அந்தப் பெண்.

நான் விடுவேனா? தங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஞாயிறன்றும் சேவை செய்யக் கிடைக்கும் வாய்ப்பைப் பெருமையாகக் கருதுகிறேன் என்று முழு வாக்கியமாக, ஓர் இடத்திலும் தடுக்காமல் சொன்னேன். முதலாளியம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஓவர்டைம், கேன்?"

"கேன் லா!" என்றாள் அவள். நான் எந்தச் சவாலையும் மலர்ந்த முகத்தோடு சந்திப்பேன் என்றேன். வகுப்பில் இதற்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

முதலாளியம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "யூ லைக் டீச்சர் லா. மை ஷாப் ஸ்மால் ஷாப். யூ ஷுவர் ரன் ஒன்." டீச்சர் மாதிரிப் பேசுகிறேனாம், இதைவிட நல்ல வேலை கிடைத்ததும் ஓடிவிடுவேனாம்! ஓட எனக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது? அந்தப் பெண்ணை அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

ஜொகூருக்குத் திரும்பும் பாலத்து நெரிசலில் பஸ் நகராமல் நின்றபோது கணவர் போன் செய்தார்.

"கிடைச்சிச்சா?"

"இல்லங்க."

"ஏன், இங்கிலீஷ் பத்தலையா?"

"நல்லா பேசிட்டேங்க. அதான் வேணாம்னுட்டாங்க."

எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்யும் மனிதர், "சரி, பத்திரமா வா. சோறு நான் ஆக்கி வைக்கிறேன்," என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது.