மலை சுவருக்குள் புகுந்த கதை

தோட்டத்தை நடத்தும் துரைக்கு அன்று ஒரே குஷி. கணினித் திரையைக் காட்டி, “பாருங்க மிஸ், மலை அந்தத் தள்ளு தள்ளுது, சுவர் அசையவே இல்ல! கையெழுத்தப் போடுங்க. திங்கக்கிழமையே புள்ளக் காம்பராவத் தொறந்துடலாம்” என்றார்.

இலங்கை மலையகத்தில், நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. அதன் பின்னால் மலையைத் தாங்கி நின்ற சுவரில் வெடிப்பு. வரும் மழைக்கு அது நிற்குமா என்று கணினியில் கணக்குப் பார்த்துச் சொல்வது பதுளையில் எங்கள் வேலை. அதுவரை பிள்ளைகள் துரையின் பங்களா வராந்தாவில். அவருடைய பகல் தூக்கம் போயே போச்சு, பாவம்.

கணினிக்கு எதையும் துண்டு துண்டாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டுகளின் வலைக்கு மெஷ் என்று பெயர். வளைந்த சுவரை நான் பொடிப்பொடியாக வெட்டினேன். மலையை எங்கள் யாழ்ப்பாணத்து நேசன் சேர் பெரிய பெரிய துண்டாகப் போட்டார். இரண்டும் தொடும் இடத்தில் புள்ளிக்குப் புள்ளி பொருந்தவில்லை.

“நீங்க கொஞ்சம் பொடியா வெட்டுங்களேன் சேர்” என்றேன்.

“ஏன் பிள்ளை, நீர் பெரிசா வெட்டினா என்ன குறைஞ்சா போவீர்?”

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இணைக்கிற வேலையை சொஃப்ட்வெயரே பார்க்கட்டும் என்று விட்டோம். அது கொடுத்த படத்தைத்தான் துரை கொண்டாடிக்கொண்டிருந்தார்.

கையெழுத்துக்கு முன் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். அடக் கடவுளே! மலை சுவரைத் தள்ளவே இல்லை. சுவருக்குள் புகுந்து மறுபக்கமாக வந்துகொண்டிருந்தது.

என் அம்மா கொழுந்தெடுத்தவர். மலையில் எடைபோட்ட கொழுந்தை ஸ்டோரிலும், அதாவது தேயிலை ஆலையிலும், நிறுப்பார்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அன்று ரகளைதான். நானும் அதையே கேட்டேன்: மலை கொடுத்த விசை எவ்வளவு, சுவர் வாங்கியது எவ்வளவு? பத்தில் ஒரு பங்குகூட வந்து சேரவில்லை.

“சேர், வழியில யாரு கொட்டுனது?”

நேசன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐயோ பிள்ளை, என்ர துண்டுகள் நேர்கோடு, உம்மட சுவர் வளைவு. நடுவில இடைவெளி விழுந்திட்டுது. கிட்டத் தேடிப் பார்த்து, துணை கிடைக்கேல்லை எண்டு சொஃப்ட்வெயர் பேசாம விட்டிட்டுது.”

அந்த இடைவெளியையும் தாண்டித் தேட வைத்தோம். எந்தத் துண்டு எந்தத் துண்டின்மேல் எவ்வளவு படிகிறதோ அந்த அளவுக்கு விசையைப் பங்குபோட்டோம். இம்முறை இரு பக்கமும் ஒத்தது. திரையில் சுவர் சாய்ந்தது.

துரைக்கு முகம் தொங்கிப்போனது. “இன்னும் எவ்வளவு நாளைக்கு மிஸ்? ஒரே கத்தல்!”

“புதுச் சுவர் கட்டுற வரைக்குங்க.”

ஐப்பசி மழையில் ஒரு முற்பகல் சுவர் நிஜமாகவே போனது. காம்பராவுக்குள் கூரை வரை மண். உடனே துரை எனக்குப் போன் எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். “மிஸ், சத்தம் கேக்குதா? நல்லாக் கேளுங்க” என்று போனை அவர்கள் பக்கம் நீட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிமாரே, கலர் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மலை கொடுத்ததும் சுவர் வாங்கியதும் ஒத்துவந்த பிறகு பேனாவைத் திறங்கள்.