ஆறுமணிக்குருவி விழுந்த வருஷம்

கிணற்றடிக்குத் துணி துவைக்கப் போன மன்னி, இரண்டு கைகளையும் குவித்தபடி அடுக்களைக்குள் வந்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கைகளுக்குள் ஒரு சிறிய பறவை. பச்சை முதுகு, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, கண்ணோரம் மையிட்டது போலக் கறுப்புப் பட்டை, இருக்கிறதா என்று தேட வேண்டிய குட்டை வால். கண் பாதி மூடியிருந்தது.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் பறவை என்றால் அது அண்ணாவின் விஷயம். ஐப்பசி, எங்கள் ஊர்க் கணக்கில் துலா மாதம், பிறந்துவிட்டால் விடியும் முன்பே ஸ்கூட்டரில் புஞ்சக்கரி வயலுக்குப் போய்விடுவான். வடக்கேயிருந்து வந்திறங்கும் வாலாட்டிகளையும் உள்ளான்களையும் பார்த்துவிட்டுச் சேற்றுக் காலோடு திரும்பி, அவசரமாகக் குளித்து ஆபீஸுக்கு ஓடுவான். அந்த வருஷம் மட்டும் போகவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து மன்னி உண்டாகியிருந்தாள். ஓணத்துக்குச் சற்று முன்னால், ஏழாம் மாதத்தில், குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அப்பாவும் அண்ணாவும் ஆஸ்பத்திரியிலிருந்தே அதை எடுத்துக்கொண்டு போய்க் காரியத்தை முடித்துவிட்டார்கள். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று மன்னிக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. அவள் ஏன் என்று கேட்கவில்லை, அழவும் இல்லை. வீட்டு வேலைகளை எப்போதும்போலச் செய்துகொண்டிருந்தாள்.

அண்ணா ஓடி வந்து பார்த்தான். "ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்துலேர்ந்து ராத்திரி ராத்திரியா பறந்து வரது. பாவம், களைச்சு விழுந்துடுத்து" என்றான். அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை விரித்து, ஓட்டைகள் போட்டு, இருட்டறையில் வைத்தான்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "பட்சி ஆத்துக்குள்ள வந்து செத்தா தோஷமாக்கும். வெளில கொண்டு வச்சுடு" என்றார்.

அவரிடம் அதுவரை எதிர்த்துப் பேசியறியாத மன்னி, "இருக்கட்டும்ப்பா" என்றாள். அவ்வளவுதான். அன்று முழுக்க அந்த அறை வாசலைவிட்டு அவள் நகரவில்லை. உள்ளே சின்னச் சத்தம் கேட்டால் என்னைப் பார்ப்பாள். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

சாயங்காலம் அண்ணா பெட்டியைத் திறந்தான். பறவை ஒருபக்கமாகச் சாய்ந்து விறைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போகத் திரும்பியவனின் கையை மன்னி பிடித்தாள்.

"தாங்கோ. இதையாவது நானே பண்றேன்."

அண்ணா பறவையை அவள் கையில் வைத்தான். எலுமிச்சை மரத்தடியில் அவளே குழி தோண்டினாள். உதவப் போன என்னைத் தலையசைத்துத் தடுத்தாள். பறவையின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். ஒரு விரலால் இறகைச் சரிசெய்து, உள்ளே வைத்து மண்ணை மூடினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அண்ணா பக்கத்தில் போய் மண்ணிலேயே உட்கார்ந்தான். அப்பா கூடத்திலிருந்து எழுந்து வரவில்லை. தோஷம் என்ற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவுமில்லை.

அடுத்த துலாம் பிறந்ததும், "வயலுக்குப் போலயா? போயிட்டு வந்து சொல்லுங்கோ" என்று அவனைக் கிளப்பிவிட்டவள் அவள்தான். திரும்பி வந்தவன் சேற்றுக் காலோடு அடுக்களை வாசலில் நின்று, எது வந்தது, எது இன்னும் வரவில்லை என்று ஒப்பிப்பான். தோசை வார்த்தபடியே அவள் கேட்பாள். குழந்தை பிறகு பிறக்கவேயில்லை. இந்தப் பேச்சு மட்டும் வருஷா வருஷம் இருந்தது.

மன்னி காலமாகி இது இரண்டாவது துலா மாதம். வாலாட்டிகள் வந்துவிட்டன என்று யாரோ சொன்னார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவராகம் போயிருந்தபோது, "நானும் வரேன், ஒருநாள் புஞ்சக்கரிக்குப் போலாமா அண்ணா?" என்று கேட்டேன்.

அவன் பேப்பரை மடித்து வைத்தான்.

"பாத்துட்டு வந்து நான் யார்ட்ட சொல்றது?" என்றான்.