அத்தான் சுட்ட பன்றி

டென்மார்க்கில், பிராண்டேயில் காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் டேனிஷ்காரிதான் என்னை வேட்டைக்கு இழுத்துவிட்டவள். நான் பரீட்சை எழுதி அனுமதி எடுத்து, சில காலம் சிறு மான்கள் சுட்டபின், எல்லை தாண்டி ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்கு வரச்சொன்னாள். அக்காவின் கணவரும் சேர்ந்துகொண்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் துவக்கு வாங்கியவர் அத்தான்தான்.

பன்றிக்கு ஏற்ற துவக்கு வாங்க விபோர்க்கில் ஒரு கடைக்குப் போனோம். எனக்கு .308 ரகத் துவக்கு வேண்டும், முனையில் பாரமான செப்புச் சன்னம் போட்ட தோட்டா வேண்டும் என்றேன். அத்தான் என் தலைக்கு மேலால் கடைக்காரரோடு டேனிஷில் கதைத்தார். பொம்பிளையின் தோள் அந்த உதையைத் தாங்காதாம். தன்னுடையதைப் போல ஆறரை மில்லிமீற்றர் துவக்கும் மெல்லிய சன்னமும் காணுமாம். இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைக்காரர் நான் கேட்காத துவக்கை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு முகம் கொதித்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்டதையே வாங்கினேன்.

ஆறரையில் பிழையில்லை. நல்ல சன்னம் போட்டால் பன்றியும் விழும். அத்தான் வைத்திருந்ததோ மானுக்கான சன்னம். பட்டவுடன் விரிந்து சிதறும். ஆண் பன்றியின் தோளில் தோல் பலகைபோல் தடித்திருக்கும். அதைத் துளைத்து மறுபக்கத்தால் வெளியேறினால்தான் இரத்தம் வழியும், ஓடினாலும் தடம் பிடிக்கலாம். காரில் இதைச் சொன்னேன்.

"எங்க சுடுறது எண்டதுதான் முக்கியம். எனக்குப் படிப்பிக்க வெளிக்கிடாதை," என்றார்.

வேட்டையன்று நாய்கள் பன்றிகளைப் புதருக்குள்ளிருந்து கிளப்பின. எனக்கு அடுத்த இடத்தில் நின்ற அத்தானை நோக்கி ஒரு பெரிய ஆண் பன்றி வந்தது. சுட்டார். அது முன்னங்கால் மடிந்து விழுந்து, எழும்பி, மரங்களுக்குள் ஓடியது.

வேட்டை ஓய்ந்ததும் இருவரும் போய்ப் பார்த்தோம். ஒரு கற்றை மயிர், ஒரு எலும்புச் சில்லு. இரத்தம் இல்லை. அத்தான் சப்பாத்துக் காலால் சருகைத் தள்ளி அதை மூடினார்.

"வெடி படேல்லை எண்டு சொல்லுவம்," என்றார்.

அப்போது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. தோள் உடைந்த உயிர் ஒன்று காட்டுக்குள் எங்கோ கிடக்க, இவருக்குத் தன் கௌரவம் பெரிதாக இருந்தது. நேரே வேட்டையை நடத்திய ஜெர்மன்காரத் தலைவரிடம் போய், பட்டது என்றேன். சருகை விலக்கி எடுத்து வந்த எலும்புச் சில்லையும் காட்டினேன். மோப்ப நாயோடு ஒருவர் வந்து இருட்டும்வரை தேடினார், கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் ஓர் ஓடைக்கரையில் கண்டுபிடித்துச் சுட்டார்கள். அதுவரை அது உயிரோடுதான் இருந்தது. அத்தானின் சன்னம் தோளுக்கு உள்ளே போகாமல், அங்கேயே பொடியாகிப் போயிருந்தது.

திரும்பும் வழியில் அத்தான் வாய் திறந்தார். "வெள்ளையளுக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டாய்."

"ஒரு இரவு முழுக்க அது வலியில கிடந்தது அத்தான். அதைப் பற்றி ஒரு சொல்லு சொன்னியளே?"

அதன்பிறகு இக்காஸ்டில் எங்கள் ஆட்கள் யாருடைய வீட்டு விருந்துக்குப் போனாலும் கதை எனக்கு முன்னரே போயிருக்கும், பன்றி இல்லாமல். மச்சாள்காரி அத்தானைக் காட்டிக்கொடுத்தாள் என்ற பகுதி மட்டும். அக்கா தொலைபேசியில் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கேட்கமாட்டேன் என்றேன். அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு வரவில்லை.

வேட்டைத் தலைவர் அடுத்த முறை என்னை மட்டும் அழைத்தார். ஜெர்மன்காரரோடு தனக்கு ஒத்துவராது, அதனால்தான் போகவில்லை என்று அத்தான் சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும்.