கொஞ்சம் சீரியஸ்

எங்கள் மாவட்டத்தில் யாரும் சாவதில்லை. கொஞ்சம் சீரியஸ் ஆவார்கள், அவ்வளவுதான். துபாயில் இருக்கும் மகனுக்குப் போன் போகும்: "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், ஒடனே பொறப்படு." அவன் லீவு சொல்லி, டிக்கெட் எடுத்து, திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து, தெருமுனையில் பந்தலைப் பார்க்கும்வரை அப்பா கொஞ்சம் சீரியஸாகத்தான் இருப்பார்.

இந்தப் பழக்கத்தை ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. 108 வண்டி ஓட ஆரம்பித்திருந்த காலம். இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவு திறப்பதாக ஏற்பாடு. வசதி குறைந்த நாட்டு டாக்டர்களுக்கென்று வெளிநாட்டுக் குழு ஒன்று பாடத்திட்டம் போட்டிருந்தது. கரண்டு போனால் என்ன செய்வது, ஆக்சிஜன் தீர்ந்தால் என்ன செய்வது என்று நல்ல பாடங்கள். டாக்டரான நான் அதைப் படித்துவிட்டு வந்து இங்கே சொல்லிக்கொடுக்க வேண்டும். நிபந்தனை ஒன்று இருந்தது. தேர்வில் தேறிய டாக்டர்கள் இரண்டு பேராவது இருந்தால்தான் பிரிவு திறக்கும். இல்லையென்றால், வந்து இறங்கிய கருவிகள் பெட்டியைப் பிரிக்காமலே வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

அங்கே இருந்ததே இரண்டு டாக்டர்கள். ஒருத்தி புதிதாகப் படிப்பு முடித்த பெண். எல்லாவற்றிலும் முதல் தடவையே தேறிவிட்டாள். இன்னொருவர் ஆஸ்பத்திரியின் மூத்த டாக்டர். என் வயதில் அவருக்கு மகள் உண்டு. பெரிய உருவம், பெரிய தொப்பை, நல்ல கைராசி. வற்றிப்போன குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "மேடம், இது இப்பிடியாக்குமா?" என்று பணிவாகக் கேட்பார். நான் வாய் திறப்பதற்குள் செய்து முடித்திருப்பார். ஒரே ஒரு பாடத்தில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். இறந்தவரின் வீட்டாரிடம் அதைச் சொல்வது எப்படி என்ற பாடம்.

பாடத்திட்டம் தெளிவாக இருந்தது. உட்கார். நீ யார் என்று சொல். இறந்துவிட்டார் என்பதை அந்தச் சொல்லாலேயே சொல், சுற்றி வளைக்காதே. பிறகு வாயை மூடிக்கொண்டு அங்கேயே இரு.

இத்தனை வருட சர்வீஸில் அவர் ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை. அவருடைய முறையே வேறு. உயிர் போன ஆளுக்கு டிரிப்ஸ் ஏற்றி, மூக்கில் ஆக்சிஜன் வைத்து, "இங்க வசதி பத்தாது, மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போயிருங்க" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அங்கே யாராவது வெளியூர் டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும் என்பது எண்ணம். அப்படி அனுப்பிய ஒரு பெரியவரை, வழியில் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கிறதே என்று வீட்டார் இன்னொரு ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். அங்கேயும் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் பெரிய இடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர் திருவனந்தபுரம் வரை போய்வந்தார். உயிரோடு இருந்த காலத்தில் அவர் தக்கலையைத் தாண்டியதில்லை.

"இது என்ன சார் கூத்து?" என்று கத்தினேன்.

"மேடத்துக்கு என்ன, வகுப்பு முடிஞ்சா ஒங்க ஊரு கொட்டாரத்துக்குப் போயிருவிய. எனக்கு நாளைக்குச் சந்தையில அவிய மொகத்தப் பாக்கணும்லா?" என்றார்.

நடித்துப் பழகுவோம் என்று முடிவானது. இறந்தவரின் மனைவியாக நடிக்க, ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒத்துக்கொண்டார். அவருடைய சொந்தக் கணவர் நல்ல திடகாத்திரமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்; அதைப்பற்றி அவருக்குக் கூச்சம் இல்லை.

"எப்பிடிப்பட்ட மாப்பிள டாக்டரே? குடிகாரனா, நல்லவனா? அதுக்குத் தக்கன அழணும்லா?"

நல்லவன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, நடிச்சிப் பாக்கேன்" என்றார்.

மூத்த டாக்டர் உள்ளே வந்தார். உட்காரவில்லை. "கொஞ்சம் சீரியஸ்தான்" என்றார்.

"எம்புட்டு சீரியஸ்?"

"நல்ல சீரியஸ்."

"இப்ப எப்பிடி இருக்காரு?"

"இப்ப... அமைதியா இருக்காரு. வலி ஒண்ணும் இல்ல."

"கஞ்சி குடுக்கலாமா?"

"இப்ப வேண்டாம்."

"சாயந்திரம்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "சாயந்திரம் பாத்துக்கிடலாம்" என்று முடித்துவிட்டார். அந்த அம்மாள் மலர்ந்த முகத்தோடு வெளியே போய், "ஒண்ணுமில்ல, அசந்து ஒறங்குகாரு" என்று வராந்தாவில் சொல்ல, வரிசையில் இருந்த நாலைந்து பேர் மாதாவுக்கு நன்றி சொன்னார்கள்.

அடுத்த வாரம், எந்தச் சொல்லைச் சொல்வது என்பதிலேயே நேரம் போயிற்று. 'செத்துட்டாரு' மரியாதைக் குறைவு. 'காலமானார்' பேப்பரில் வருவது. 'மரிச்சுப் போனாரு' மேற்குப் பக்கத்தார் சொல்வது, கிழக்கே சொன்னால் சிரிப்பார்கள். 'கர்த்தருக்குள் நித்திரை' சபைக்காரர்களுக்கு மட்டும். ஆளைப் பார்த்ததும் எந்தச் சபை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் சீரியஸாகவே கேட்டார். 'இறந்துட்டாரு' போதும் சார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூன்றாவது தடவை அவர் வாய் திறப்பதற்குள் மீன்கார அம்மாள் பொறுமை இழந்து மாரில் அடித்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். பிரசவ வார்டிலிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்து, யார் என்ன என்று கேட்காமலே, கட்டிப்பிடித்து அழுதார்கள். டாக்டரும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். செத்தவன் என்று ஒருவன் இல்லாமலே ஒரு சாவு நடந்து முடிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனேன்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் வெளிநாட்டுக்காரர், தமிழில் 'வணக்கம்' மட்டும் தெரியும். டாக்டர் உட்காருகிறாரா, முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா என்பதை அவரே பார்த்துக்கொள்வார். சொல்லைச் சொன்னாரா என்பதை நான் அவருக்குச் சொல்ல வேண்டும். மீன்கார அம்மாளைக் காணவில்லை. அன்றைக்குக் கரையில் சாளை மீன் வந்து குவிந்திருந்ததாம். இல்லாத மாப்பிள்ளைக்காக அதை விட்டுவிட்டு வருவாரா? வேறு வழியில்லாமல், இறந்தவரின் மகளாக நானே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மூத்த டாக்டர் வந்தார். வேர்த்திருந்தது. "மேடம்... அது வந்து... அப்பாவுக்கு" என்று தொடங்கினார். அப்போது என் போன் அடித்தது. தம்பி. அவன் பகலில் கூப்பிடுகிறவன் இல்லை.

"அக்கா, அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ். ஒடனே பொறப்பட்டு வா."

நான் எழுந்து நின்று கட்டளைகள் போட ஆரம்பித்தேன். "மூச்சு இருக்கா பாரு. ஒருச்சாய்ச்சுப் படுக்க வை. சுத்தி நிக்கவங்கள வெலகச் சொல்லு. 108-க்கு போன் போட்டியா?"

"நீ வா அக்கா."

"பல்ஸ் இருக்கா, இல்லியாடே?"

"எல்லாரும் வந்தாச்சு. நீ மட்டுந்தான் பாக்கி."

இதைக் கேட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூத்த டாக்டர் என் கையிலிருந்து போனை வாங்கி, வராந்தாவுக்குப் போய்ப் பேசினார். திரும்பி வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மக்களே," என்றார். அதுவரை மேடம்தான். "அப்பா இறந்துட்டாவ. காலையில சாயா குடிச்சிட்டு இருக்கும்போ நெஞ்சப் பிடிச்சிருக்காவ. டாக்டர் வந்து பாத்தாச்சு. இறந்துட்டாவ."

"சார், நடிக்கிறீங்களா?" என்றேன்.

"இல்ல மக்களே."

அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்தும் போகவில்லை. நான் அழுது முடிக்கிறவரை அப்படியே இருந்தார். தேர்வாளர் மெல்லக் குனிந்து, அந்தச் சொல்லைச் சொன்னாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னார் என்றேன். அவர் திருப்தியாகக் குறித்துக்கொண்டார். போனையும் சேர்த்து நடித்தது மிக இயல்பாக இருந்தது என்று என்னைப் பாராட்டவும் செய்தார். மூத்த டாக்டர் அவரிடம் விஷயத்தைச் சொன்னதும், பாவம், பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அந்தத் தேர்வின் பேரில்தான் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்தது.

மூத்த டாக்டரே காரில் கொண்டுபோய் விட்டார். நாகர்கோவில் தாண்டும்வரை அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு நாள் சொல்லாதவர், என்னிடம்தானா சொல்ல வேண்டும்? ஆனால் அந்த வழி முழுக்க நான் அப்பாவுக்காக அழுதேன். பிழைத்துவிடுவார் என்று ஒரு நிமிஷம்கூட ஏமாறவில்லை. அதற்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கொட்டாரத்தில் எங்கள் வீட்டுவாசலில் வேனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்காலிகளுக்கு நடுவே தம்பி ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"பதறாத அக்கா, கொஞ்சம் சீரியஸ்தான்."

"அப்பா இறந்துட்டாவடே," என்றேன்.

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். காலையிலிருந்து எல்லாருக்கும் போன் போட்டது அவன்தான். நாற்காலிக்குச் சொன்னதும் அவன்தான். வந்த டாக்டர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார். சொந்தக்காரர்கள் அவன் தோளைத் தட்டியிருக்கிறார்கள். அவனிடம் யாரும் சொல்லவே இல்லை. வேன்காரர் பார்க்கிறார் என்றும் பாராமல் அவன் வாசல் மண்ணில் உட்கார்ந்து, சின்னப் பையனைப்போல வாய்விட்டு அழுதான்.