நச்சிம்புசா வீட்டுக் கட்டில்

செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷ்யாவில் எங்கள் தெருவில் மலாமாவிடம் கல்யாணப் பாடம் கேட்காத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மலாமா ஒரு நச்சிம்புசா, மணப்பெண்ணுக்குப் பாடம் சொல்லும் மூத்தவள். பெற்றவள் மகளிடம் பேசக் கூசுவதை, கட்டில் சமாச்சாரம் உட்பட, முகத்துக்கு நேராகச் சொல்லித் தருகிறவள். பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் படுக்கையில் மனத்தாங்கல் வந்தாலும், உள்ளே நுழைந்து கேட்கும் உரிமை அவளுக்குத்தான். அந்தப் பாடங்களில் அவள் பாடும் பாட்டுகளுக்கு இருபது வருடமாக மத்தளம் அடித்தவள் நான்.

போன வருடம் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, முளைத்தது. "எல்லாம் சரியாயிடுச்சு, போகலாம்" என்றார்கள். என்ன சரியாகிவிட்டது? எதைச் சாப்பிடலாம், கையை எப்படி மடக்கி நீட்டலாம் என்று தாள் தாளாகக் கொடுத்தார்களே, புருஷனோடு எப்படி இருப்பது என்று அதில் ஒரு வரி உண்டா? இவ்வளவு படித்தும் அதைப் பேச வெட்கம்!

எங்கள் சர்ச் பெண்கள் சங்கம் அதற்கும் மேல். "முழுசா இல்லாதவ கையால கல்யாணப் பொண்ணுக்கு இடுப்புப் பாசிமணி கட்டினா விளங்குமா?" என்று அவளை ஒதுக்கிவிட்டு, அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கோபம் என் மேல் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு ஞாயிறு மதியம் அவள் வீட்டு அடுப்பில் நான் சோளமாவுக் களியான நிஷிமா கிண்டிக்கொண்டிருந்தேன். பூசணி இலை ஆய்ந்துகொண்டிருந்த மலாமா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"பதினாலு மாசமா அவர் கூடத்து நாற்காலிலதான் தூங்குறார். என்னைப் பாத்தா அருவருப்பா இருக்கும்போல. ஊருக்கெல்லாம் பஞ்சாயத்து பண்ணேன். எனக்கு யாருடி பண்ணுவா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. கிண்டிய துடுப்போடு அப்படியே வாசலுக்குப் போனேன். அவள் புருஷன் சிலெஷே, கசுபாவின் அப்பா, சுரங்கத்தில் வெல்டர், ரேடியோவில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கசுபா அப்பா, அதை அணைங்க. வேற பொம்பளை இருக்காளா உங்களுக்கு?"

"கிறுக்கா பிடிச்சிருக்கு, லோம்பே அம்மா?"

"அப்ப கட்டில்ல முள்ளா முளைச்சிருக்கு?"

அவர் ரேடியோவை அணைத்தார்.

"தையல் பிரிச்ச அன்னைக்கு நர்ஸ் சொன்னா, அந்தப் பக்கம் கை படக் கூடாதுன்னு. எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். 'இந்த வயசுல என்ன அவசரம் பெரியவரே'ன்னு சிரிச்சா. அங்க நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. தூக்கத்துல என் கை போய் விழுந்து அந்த நோவு திரும்பி வந்துட்டா?"

"தொட்டா வர்ற நோவா அது? கேக்கத்தானே நச்சிம்புசா இருக்கா!"

"எங்க வீட்டு நச்சிம்புசா அவதானே. அவளைப் பத்தி அவகிட்டயேவா கேக்க?"

அந்த நர்ஸ் எதிரில் இருந்திருந்தால் துடுப்பு உடைந்திருக்கும். அவள் சிரித்த ஒரு சிரிப்புக்கு ஒரு குடும்பம் பதினாலு மாதம் வாடியிருக்கிறது.

மலாமா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இலையும் கையுமாக வெளியே வந்தாள்.

"பதினாலு மாசம்! ஒரு வார்த்தை கேக்க வாயில்லையா உங்களுக்கு? வீட்டுல இருக்கிற கண்ணாடிய நான் துணி போட்டு மூடி வச்சிருக்கேன், அதையாவது பாத்தீங்களா?"

சிலெஷே அழுதார். அவள் அவர் கையை வெடுக்கென்று இழுத்து, சட்டைக்கு மேலே தட்டையான அந்தப் பக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். எங்கள் ஊரில் மூன்றாம் ஆள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் கைகூடக் கோக்க மாட்டார்கள்.

"வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது. எடுக்காதீங்க."

துடுப்பைத் திண்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். நிஷிமா அடிப்பிடித்திருக்கும், பிடிக்கட்டும். வரும் சனிக்கிழமை நடக்கும் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குப் பாசி கட்டப்போகிறவள் நான் இல்லை, மலாமா. மத்தளம் நான். சங்கத்தில் எவளாவது வாயைத் திறக்கட்டும், பார்க்கிறேன்.