கொதித்து முடிந்த சுண்ணாம்பு

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஒத்தாசையாகத் தியாகதுருகம் பக்கத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். முந்தின நாள் சாயங்காலமே கல் சுண்ணாம்பை அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். புகைந்து கொதித்தது. "பாரேன், அடுப்பே இல்லாம பொங்க வச்சிடுச்சி" என்றார் அவள் மாமியார். இப்படிப் பேசுகிறவர்கள் என்றால் எனக்கு உயிர். சிரித்தேன்.

மறுநாள் காலை தங்கச்சி வெள்ளையடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துத் தலைக்கு மேலே சுவரில் இழுத்தாள். ஒரு கட்டி வழுக்கி வலது கண்ணில் விழுந்தது. அலறினாள். நான் குடத்தைத் தூக்கினேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி ஊத்தாத! நேத்து நீயும்தான பாத்த? தண்ணி பட்டாதான் அது கொதிக்கும். கண்ணு வெந்துடும்டி!"

"அத்தை, கொதிக்கிறது நேத்தே முடிஞ்சிபோச்சி. இது தண்ணி குடிச்ச சுண்ணாம்பு. இனிமே கொதிக்காது, அரிக்கும். கழுவியே ஆவணும், வுடுங்க!"

"இவ பெரிய டாக்டரு. நீ பத்தாவது பெயிலுதான?"

"எட்டாவதோட நின்னவ. பெயிலாவறதுக்குக்கூட போவல. கைய வுடுங்க!"

தெரு கூடிவிட்டது. எல்லாரும் அத்தை பக்கம். யாரோ விளக்கெண்ணெய் கொண்டுவந்து என் எதிரிலேயே அவள் கண்ணில் ஊற்றினார்கள். தங்கச்சி துடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் நான் மரியாதை பார்க்கவில்லை. அவளைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப்போய், இமையை விரலால் பிரித்து, குடம் குடமாக ஊற்றினேன். ஆட்டோவில் போகும்போதும் பாட்டில் தண்ணீரை விட்டுக்கொண்டே போனேன்.

கள்ளக்குறிச்சிக் கண் டாக்டர் இமைக்கு அடியிலிருந்து துணுக்குகளை எடுத்தார். "ஊத்தாம வந்திருந்தா கண்ணே போயிருக்கும்மா. விழுந்த உடனே ஊத்தியிருந்தா கருவிழியில தழும்புகூட விழாது" என்றார். அந்த 'உடனே' இன்றைக்கும் என் நெஞ்சில் எரிகிறது.

அத்தை மேல் கோபம் உண்டு. ஆனால் அவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். முழுக் கோபம் வேறிடத்தில். அன்று கூட்டத்தில் நின்ற எதிர்வீட்டுப் பெண் பத்தாவதில் அறிவியலில் நல்ல மார்க் வாங்கியவள். சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று பிறகு அவளைக் கேட்டேன். கால்சியம் ஆக்சைடும் தண்ணீரும் வினைபுரிந்து கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகும், வெப்பம் வெளிப்படும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"அப்ப அன்னிக்கி ஏன்டி வாயத் தெறக்கல?"

"அது பரீட்சைக்கு வர்ற சுண்ணாம்பு, பெரிம்மா."

அவளை அடிக்க முடியுமா? அணு, பிணைப்பு, வினை என்று வருஷம் முழுக்கக் கத்தவைத்தார்களே, வினை முடிந்த பிறகு அது வேறொரு பொருள் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு அண்டாவைக் காட்டிச் சொல்லித்தர ஆளில்லையா? என் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்த எனக்கே விளங்கியதே!

தங்கச்சிக்கு அந்தக் கண்ணில் எல்லாம் புகைக்குள் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. அத்தையோ, "அக்காக்காரி தண்ணி ஊத்துனா, கண்ணு மங்கிடுச்சி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இந்தப் பொங்கலுக்கும் அண்டா வைத்தார்கள். மட்டை பிடித்தது அத்தை. நான் நல்ல தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தேன்.

"இது இன்னாத்துக்கு?"

"உங்க கண்ணுக்குத்தான் அத்தை. இந்தத் தடவ யாரு எங் கையப் புடிச்சாலும் ஊத்தாம வுடமாட்டேன்."