செல்வலட்சுமி கட்டிய சர்வர்

தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டியவரின் மகள் செல்வலட்சுமி. ஊர் எம். புதுப்பட்டி. வீட்டிலிருந்தபடியே சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் டிசைன் செய்கிறாள். போன சீசனில் அவளுடைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று செத்துப்போனது. அவள் வண்ணம் கூட்டிய முருகன் படங்கள் அத்தனையும் அதோடு போயின. ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம்தான் படங்களைப் பத்திரமாகச் சேமிக்க வீட்டிலேயே ஒரு ஸ்டோரேஜ் சர்வர் வைப்பது என்று முடிவெடுத்தாள்.

"ரெடிமேடா ஒரு பெட்டி விக்கிறாகளாம்ல, அத வாங்கிப்போடு," என்றான் கணவன் முனியராஜ். பட்டாசு லோடு ஏற்றும் லாரியின் டிரைவர் அவன்.

"அது கெட்டா எங்கன கொண்டுபோறது? பழைய கம்ப்யூட்டருன்னா எந்தப் பாகம் போனாலும் நானே மாத்திருவேங்க."

ஏதோ ஒரு ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. முதலில் பார்த்த சாப்ட்வேர், அந்த மெஷினில் இருந்ததைவிட அதிக மெமரி கேட்டது. அதை விட்டுவிட்டு, குறைந்த மெமரியிலும் ஓடும் ஓப்பன் மீடியா வால்ட் என்ற சாப்ட்வேரைப் போட்டாள். இரண்டு டிஸ்க் மாட்டி, எதைச் சேமித்தாலும் இரண்டிலும் பதிகிற மாதிரி அமைத்தாள். ஒரே லாட்டில் வந்தவை ஒன்றாகக் கெட்டுப்போகலாம் என்று டிஸ்க்குகளை வேறு வேறு கடையில் வாங்கினாள். கரண்ட் போனால் தாங்குவதற்கு யு.பி.எஸ்.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளிவர வேண்டும். அதற்கு முந்தைய வாரம், ஒரு டிஸ்க் பழுது என்று சர்வரிலிருந்து அவள் போனுக்கு மெயில் வந்தது. ஓடிப்போய் மீனாட்சி படத்தைத் திறந்தாள். திறந்தது. மூக்குத்திப் பொட்டுகூடக் குறையவில்லை. மிச்சமிருந்த டிஸ்க்கிலேயே வேலை நடந்தது. முனியராஜ் புது டிஸ்க் வாங்கிவந்தான். அவள் மாட்டியதும், படங்கள் அதில் தானாக ஏறத் தொடங்கின. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் அவன் திரையை விட்டு நகரவில்லை.

ஆல்பம் சொன்ன தேதிக்கு வந்தது. முனியராஜ் டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்ததில் விஷயம் அச்சக முதலாளி ராஜபாண்டியன் காதுக்கும் போனது. அவரே வீடு தேடி வந்தார்.

"ஏம்மா, நம்ம அச்சகத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு வச்சுத் தருவியா?"

"எம்புட்டுப் படம் இருக்குன்னு பாத்துட்டு, அதுக்கேத்த டிஸ்க்கச் சொல்றேன் அண்ணாச்சி."

அச்சகத்தில் சாப்ட்வேர் ஏற்றும்போது, சர்வருக்கு ஒரு பெயர் கேட்டது திரை.

"என்ன பேரு போடட்டும் அண்ணாச்சி?"

"ஒன் பேரத்தான் போடணும். கட்டுனது நீயில்லா?"

செல்வலட்சுமி தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகத் தட்டினாள்.